பின்வீலும் திரும்பும் கார்: நான்கு வீல் ஸ்டீயரிங்கைப் புரிந்துகொள்ள, ஓட்ட, பராமரிக்க ஒரு முழு வழிகாட்டி

புதுச்சேரி ஒயிட் டவுனில் வேலை பார்க்கும் ஒரு டிரைவர் தம்பி, முதலாளியின் புது செடானைக் கடலூரில் இருக்கும் எங்கள் அலைன்மென்ட் கடைக்குக் கொண்டுவந்தார். வண்டி வாங்கி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. பின்பம்பரின் இடது மூலையில் நாலு விரல் அகலத்துக்கு உராய்ந்த தடம். கீறலுக்குள் மஞ்சள் சுண்ணாம்பு அப்பியிருந்தது.

"அண்ணா, சுவர் ஓரமா நின்ன வண்டி. ஸ்டீயரிங்க ஃபுல்லா வலது பக்கம் ஒடிச்சு மெதுவாத்தான் எடுத்தேன். மூக்கு நல்லா விலகிடுச்சு. பின்னாடி எப்படிண்ணா சுவத்துல ஒரசும்? இறங்கிப் பாத்தா பின்வீல் வேற கோணலா நிக்குது. ஆக்ஸில் வளைஞ்சிருக்குமா?"

ஆக்ஸில் வளையவில்லை. அந்தக் காரில் பின்வீலும் திரும்பும். பதினைந்து வருடம் பின்வீல் திரும்பாத வண்டிகளை ஓட்டிப் பழகிய கை அது. டெலிவரி கொடுத்தவர்கள் அவரை ஒரு பத்து நிமிடம் உட்காரவைத்து விஷயத்தைச் சொல்லியிருந்தால் அந்தச் சுண்ணாம்பு சுவரிலேயே இருந்திருக்கும். அன்று கடைத் தரையில் சாக்பீஸால் அவருக்கு வரைந்து காட்டியதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். ஃபோர் வீல் டிரைவ் என்பது வேறு. அதில் இன்ஜினின் சக்தி நான்கு சக்கரத்துக்கும் போகும். ஃபோர் வீல் ஸ்டீயரிங்கில் நான்கு சக்கரமும் திசை மாறும். ஒரு காரில் இரண்டும் இருக்கலாம், ஒன்று மட்டும் இருக்கலாம், இரண்டும் இல்லாமலும் இருக்கலாம்.

படி 1: முளை எங்கே அடிக்கப்பட்டிருக்கிறது?

முளையில் கட்டிய மாடு சுற்றி வருவதைப் பார்த்திருப்பீர்கள். கயிறு நீளமாக இருந்தால் பெரிய வட்டம், குட்டையாக இருந்தால் சின்ன வட்டம். வளைவில் திரும்பும் காரும் அப்படித்தான், கண்ணுக்குத் தெரியாத ஒரு முளையைச் சுற்றித்தான் போகிறது. அந்த முளை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கத் தெரிந்துவிட்டால் இந்தத் தொழில்நுட்பத்தில் பாதி புரிந்துவிடும்.

கண்டுபிடிப்பது சுலபம். எந்தச் சக்கரமும் தன் முகம் பார்க்கும் திசையில்தான் உருள விரும்பும். ஒவ்வொரு சக்கரத்தின் ஆக்ஸில் கோட்டையும் பக்கவாட்டில் நீட்டுங்கள். எல்லாக் கோடுகளும் சந்திக்கும் இடம்தான் முளை. சாதாரணக் காரில் பின்வீல்கள் நேராகவே இருப்பதால், முளை எப்போதும் பின் ஆக்ஸிலின் நேர்க்கோட்டில்தான் விழும். முன்வீலை எவ்வளவு ஒடித்தாலும் முளை அந்தக் கோட்டின் மேலேயே கிட்டே வரும், தள்ளிப் போகும். கோட்டை விட்டு நகராது.

கோடுகள் சந்திக்கவே இல்லையென்றால் என்ன ஆகும் என்று பார்க்க, திருப்பாதிரிப்புலியூர் பாடலீஸ்வரர் கோயில் தேர் வீதி முனையில் திரும்பும்போது பாருங்கள். தேர்ச் சக்கரங்கள் எல்லாம் நேராக மட்டுமே உருளும். அவற்றுக்குப் பொதுவான முளை கிடையாது. முட்டுக்கட்டை போடுபவர்கள் உயிரைப் பணயம் வைத்துக் கட்டையைச் செருகி, சக்கரத்தைப் பக்கவாட்டில் இழுபட வைத்துத்தான் தேரைத் திருப்புகிறார்கள். நம் காரில் டயர் இழுபடாமல் உருண்டு திரும்புவதற்குத்தான் ஸ்டீயரிங் கோணங்களை இத்தனை கணக்குப் பார்த்து வைத்திருக்கிறார்கள்.

படி 2: தரையில் வரைந்து பாருங்கள்

சாக்பீஸ், நீளமான ஸ்கேல், பள்ளிக்கூடக் கோணமானி போதும். பத்தில் ஒரு பங்கு அளவில் வரையுங்கள். பெரிய செடானின் வீல்பேஸ், அதாவது முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் இடையே உள்ள தூரம், 3 மீட்டர் என்று வைத்துக்கொண்டு 30 செ.மீ. கோடு போடுங்கள். கணக்கு எளிதாக இருக்க, முன்னால் ஒரு சக்கரம், பின்னால் ஒரு சக்கரம் போதும், சைக்கிள் மாதிரி.

முன்சக்கரத்தை வலது பக்கம் 35 டிகிரி திருப்பி, அதன் ஆக்ஸில் கோட்டை நீட்டுங்கள். பின்சக்கரம் நேராக இருக்கட்டும். இரண்டு கோடும் சந்திக்கும் இடம், காரின் நடுக்கோட்டிலிருந்து ஏறக்குறைய 43 செ.மீ. தள்ளி விழும். நிஜக் காரில் 4.3 மீட்டர்.

இப்போது பின்சக்கரத்தை முன்சக்கரத்துக்கு எதிர்ப்பக்கம், அதாவது இடது பக்கம், 10 டிகிரி திருப்புங்கள். புதுக்கோட்டைப் போட்டுப் பாருங்கள். முளை 34 செ.மீ. தூரத்துக்கு ஓடி வந்துவிடும். அதோடு, பின் ஆக்ஸிலின் நேர்க்கோட்டை விட்டு முன்னால் ஏறியும் நிற்கும். அந்த இடத்திலிருந்து காரின் நடுக்கோட்டுக்கு ஒரு செங்குத்துக் கோடு போட்டால், முன் ஆக்ஸிலிலிருந்து 24 செ.மீ. பின்னால் வந்து விழும். 3 மீட்டர் வீல்பேஸ் கார் இப்போது 2.4 மீட்டர் வீல்பேஸ் கார் மாதிரித் திரும்புகிறது என்று அர்த்தம். மாருதி ஸ்விஃப்டின் வீல்பேஸ் 2.45 மீட்டர். அந்த டிரைவர் தம்பி நிமிர்ந்து பார்த்தது இந்தக் கோட்டைப் போட்டபோதுதான்.

முன் ஆக்ஸிலின் நடுப்புள்ளி போடும் வட்டத்தின் விட்டத்தைக் கணக்கிட்டால், பின்வீல் நேராக இருக்கும்போது 10.5 மீட்டர், 5 டிகிரி திரும்பினால் 9.3 மீட்டர், 10 டிகிரி திரும்பினால் 8.4 மீட்டர். இரண்டு மீட்டருக்கு மேல் மிச்சம். நம் ஊர்த் தெருவில் யூ டர்ன் போடும்போது ஒரே ஒடிப்பில் திரும்புவதற்கும், ரிவர்ஸ் போட்டு மறுபடி எடுத்து, பின்னால் நிற்கும் பைக்காரரிடம் பேச்சு வாங்குவதற்கும் உள்ள வித்தியாசம் அந்த இரண்டு மீட்டர்தான்.

இன்னொரு லாபமும் உண்டு, பலர் இதைக் கவனிப்பதில்லை. திரும்பும்போது பின்வீல் முன்வீலின் தடத்திலேயே வராது, உள்ளே வெட்டிக்கொண்டு வரும். வளைவின் மூலையில் இருக்கும் வாய்க்கால் மூடியில் பின்வீல் ஏறுவதும் பைக்கின் ஹேண்டில்பாரில் பின்கதவு உரசுவதும் அதனால்தான். நம் கணக்கில் சாதாரணக் காரின் பின்வீல் ஏறக்குறைய 95 செ.மீ. உள்ளே வெட்டும். பின்வீல் 10 டிகிரி எதிரே திரும்பினால் 70 செ.மீ. அளவுக்குக் குறைந்துவிடும்.

படி 3: வால் எங்கே போகிறது?

கீறலுக்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது. முளை முன்னால் ஏறினால், அந்த முளைக்குப் பின்னால் இருக்கும் கார்ப்பகுதி நீளமாகிறது. வலது பக்கம் திரும்பும்போது அந்த வால் முதலில் இடது பக்கம் வெளியே வீசும். சாதாரணக் காரிலும் இது நடக்கும், ஆனால் கண்ணில் படாத அளவுக்கு. கார் 1.9 மீட்டர் அகலம், பின் ஆக்ஸிலுக்குப் பின்னால் 1.1 மீட்டர் வால் என்று கணக்குப் போட்டேன். பின்வீல் நேராக இருந்தால் பின்மூலை 11 செ.மீ. வெளியே வரும். 10 டிகிரி திரும்பினால் 32 செ.மீ. வரும். அரைச் சாண் ஒன்றரைச் சாண் ஆகிவிடுகிறது. சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நிறுத்தியிருந்தால் சாதாரண வண்டி தப்பிக்கும், இந்த வண்டி சுண்ணாம்பைத் துடைத்துக்கொண்டுதான் வரும்.

டயர் வைத்த நெல் அறுவடை மெஷின் முழுக்க முழுக்கப் பின்வீலால் திரும்பும் வண்டி. அது திரும்பும்போது பின்னால் யாரும் நிற்கக் கூடாது என்று வயல்காட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதே எச்சரிக்கை, அளவில் சிறியதாக, இந்தக் கார்களுக்கும் வேண்டும்.

படி 4: வேகம் கூடினால் எல்லாம் தலைகீழ்

தெருவில் இவ்வளவு உதவும் எதிர்த்திசைத் திருப்பம், ஈ.சி.ஆரில் 90 கி.மீ. வேகத்தில் ஆபத்து. கொஞ்சம் ஒடித்ததற்கே வால் வெளியே வீசி வண்டி சுழலப் பார்க்கும். அதனால் வேகத்தில் பின்வீல் முன்வீல் திரும்பும் அதே திசையில், மிகச் சிறிய அளவுக்குத் திரும்புகிறது.

அதன் பலனை உணர, சாதாரணக் காரில் லேன் மாறும்போது என்ன நடக்கிறது என்று மெதுவாகப் பார்க்க வேண்டும். ஸ்டீயரிங்கைத் திருப்புகிறீர்கள். முன் டயர் மட்டும் பக்கவாட்டு விசையைத் தருகிறது. மூக்கு திரும்புகிறது. உடம்பு கொஞ்சம் சுழன்ற பிறகுதான் பின் டயருக்கும் ஒரு சாய்கோணம், அதாவது டயர் பார்க்கும் திசைக்கும் அது போகும் திசைக்கும் நடுவே ஒரு சின்ன வித்தியாசம், கிடைத்து அது தன் பங்கு விசையைத் தருகிறது. இந்த இரண்டுக்கும் நடுவே நொடியின் ஒரு சிறு பங்குதான் இருக்கிறது, ஆனால் பின்சீட்டில் உட்கார்ந்திருப்பவரின் வயிறு அதை உணர்ந்துவிடும். மாடு குறுக்கே வந்து சட்டென்று ஒடிக்கும்போது வால் ஆடி அடங்குவதும் இதே தாமதத்தால்தான். பின்வீலும் அதே பக்கம் திரும்பினால் பின் டயர் காத்திருக்காது. இரண்டு முனையிலும் விசை ஏறக்குறைய ஒன்றாகவே எழும். வண்டி சுழலாமல், அப்படியே பக்கவாட்டில் நகர்ந்தது போல லேன் மாறும்.

முளைக் கணக்கிலும் இதைப் பார்க்கலாம். முன்வீல் 2 டிகிரி, பின்வீல் அதே பக்கம் 1 டிகிரி என்றால், முளை 86 மீட்டரிலிருந்து 172 மீட்டருக்குத் தள்ளிப் போகும். 3 மீட்டர் வீல்பேஸ் கார் 6 மீட்டர் வீல்பேஸ் கார் போல நிதானமாகிவிடும். ஒரே கார் தெருவில் ஸ்விஃப்ட், ஹைவேயில் பஸ். இந்தத் தொழில்நுட்பத்தின் மேல் எனக்கு இருக்கும் பிரியத்துக்கு இதுதான் காரணம்.

நான்கு வீலும் ஒரே பக்கம் ஒரே அளவு திரும்பினால் முளையே இருக்காது, வண்டி நண்டு போலக் குறுக்கே நகரும். ஜி.எம்.சி. ஹம்மர் மின்காரில் பின்வீலை 10 டிகிரி வரை திருப்பி இப்படி ஓட்ட ஒரு தனி மோடே வைத்திருக்கிறார்கள்.

படி 5: எப்போது எந்தப் பக்கம் என்று யார் முடிவெடுப்பது?

இந்தக் கேள்விக்கு நான் பார்த்ததிலேயே அழகான பதில் 1987-இல் வந்த ஹோண்டா பிரெலூட். கம்ப்யூட்டர் கிடையாது. முன்வீல்களைத் திருப்பும் பல்தண்டான ஸ்டீயரிங் ரேக்கிலிருந்து ஒரு நீண்ட ராடு பின்னால் ஒரு கியர் பாக்ஸுக்குப் போகும். அந்தப் பாக்ஸுக்குள், ஒரு பல்சக்கரம் இன்னொன்றைச் சுற்றி வரும் கோள் கியர் ஒன்று, மையம் விலகிய ஒரு பின். ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் திருப்பினால் பின்வீல் முன்வீலின் பக்கமே அதிகபட்சம் 1.5 டிகிரி திரும்பும். இன்னும் திருப்பினால் நேராக வந்து, அதையும் தாண்டினால் எதிர்ப்பக்கம் 5.3 டிகிரி வரை போகும். வண்டி என்ன வேகத்தில் போகிறது என்றே அந்தக் கியருக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம். வேகமாகப் போகிறவர் யாரும் ஸ்டீயரிங்கை முழுதாக ஒடிக்க மாட்டார். முழுதாக ஒடிப்பவர் பார்க்கிங்கில்தான் இருப்பார். மனிதனின் பழக்கத்தைக் கியருக்குள் செதுக்கி வைத்த அந்த இன்ஜினியர்களை நினைத்தால் இன்றும் கைகூப்பத் தோன்றுகிறது.

அதற்கு முன்பே, 1985-இல், நிஸான் தன் ஸ்கைலைனில் ஹைகாஸ் என்ற ஹைட்ராலிக் அமைப்பைக் கொண்டுவந்தது. 1980-களின் இறுதியில் மாஸ்டா, மிட்சுபிஷி என்று ஜப்பான் முழுக்க இதே பேச்சாக இருந்தது. பிறகு ஏன் மறைந்தது? விலையும் எடையும் கூடின. டயர்கள் நன்றாகிவிட்டன. 1995-இல் பிரேக்கைக் கொண்டே வண்டியை நிலைப்படுத்தும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் வந்து, வேகத்தில் செய்ய வேண்டிய வேலையில் பாதியைக் குறைந்த செலவில் செய்துவிட்டது. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் 2002 முதல் 2005 வரை தன் பெரிய பிக்கப்களில் குவாட்ராஸ்டீர் என்ற பெயரில் பின்வீலை 12 டிகிரி வரை திருப்பியது. அதுவும் விலை காரணமாக நிலைக்கவில்லை.

இப்போது மறுபடி வருவதற்குக் காரணம் கார்களின் நீளம். மின்காரின் பேட்டரி இரண்டு ஆக்ஸிலுக்கும் நடுவே தரையில் படுத்திருப்பதால் வீல்பேஸ் நீண்டுகொண்டே போகிறது. 2015-இல் வந்த ஆடி க்யூ7-இல் 5 டிகிரி, இப்போதைய ரேஞ்ச் ரோவரில் 7.3 டிகிரி, 2020-இல் வந்த மெர்சிடிஸ் எஸ் கிளாஸில் 4.5 அல்லது 10 டிகிரி.

இன்றைய காரில் வரிசை இதுதான். ஸ்டீயரிங் தண்டில் உள்ள சென்சார், எவ்வளவு ஒடித்தீர்கள் என்று சொல்கிறது. வீல்களில் இருக்கும் ஏ.பி.எஸ். பிரேக் சென்சார்கள் வேகத்தைச் சொல்கின்றன. வண்டி எவ்வளவு சுழல்கிறது என்பதை இன்னொரு சென்சார் சொல்கிறது. கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுப் பின்னால் இருக்கும் மோட்டாருக்கு உத்தரவு கொடுக்கிறது. மோட்டார் ஒரு பெல்ட் வழியாக மரைத் தண்டைச் சுழற்ற, தண்டு இடமோ வலமோ நகர்ந்து பின்வீல்களைத் திருப்பும் கம்பிகளான டை ராடுகளைத் தள்ளுகிறது. சில போர்ஷே மாடல்களில் நடுவே ஒன்றாக இல்லாமல் பக்கத்துக்கு ஒரு மோட்டார் உண்டு. திசை மாறும் வேகம் காருக்குக் கார் வேறு. 2013-இன் 911 ஜிடி3-இல் 50 கி.மீ.க்குக் கீழே எதிர்த்திசை, 80-க்கு மேலே ஒரே திசை. எஸ் கிளாஸில் 60-ஐ ஒட்டி.

மோட்டார் கெட்டால் பின்வீல் இஷ்டத்துக்குத் திரும்பாதா என்று எல்லோரும் கேட்பார்கள். ஸ்க்ரூ ஜாக்கியை நினைத்துக்கொள்ளுங்கள். கைப்பிடியைச் சுற்றினால் கார் உயரும், ஆனால் காரின் எடை ஜாக்கியைத் திருப்பிச் சுற்றாது. மரைத் தண்டு அதே குணம் உள்ளது. கரன்ட் போனால் வீல் இருந்த கோணத்திலேயே நிற்கும், ரோடு அதைத் தள்ள முடியாது. சிறு பழுதாக இருந்தால் கம்ப்யூட்டரே வீலை நேராக்கி நிறுத்தப் பார்க்கும், டேஷ்போர்டில் எச்சரிக்கை வரும்.

படி 6: ஓட்டும் கையைப் பழக்குவது

சுவர், மதில், டிவைடர் ஓரமாக நின்ற வண்டியை எடுக்கும்போது ஸ்டீயரிங்கை முதலிலேயே முழுதாக ஒடிக்காதீர்கள். பாதி ஒடித்துக் கொஞ்சம் முன்னால் நகர்ந்து, பின்மூலை விலகிய பிறகு மீதியை ஒடியுங்கள். ஒதுக்கி நிறுத்தும்போது வால் பக்கம் இரண்டு சாண் இடம் விடுங்கள். ஓரக் கண்ணாடியில் பின்மூலையைப் பார்ப்பதைப் பழக்கமாக்குங்கள். நம் பழைய பழக்கம் உள்பக்கம் வெட்டுவதைப் பார்ப்பது. இதில் வெளிப்பக்கத்தையும் பார்க்க வேண்டும்.

புது வண்டி என்றால் தேவனாம்பட்டினம் பக்கம் விடியற்காலையில் ஆள் இல்லாத ஒரு மைதானமாகப் பார்த்து, நான்கு காலி அட்டைப்பெட்டிகளை வைத்து அரைமணி நேரம் திருப்பிப் பாருங்கள். பெட்டி நசுங்கினால் நஷ்டமில்லை. ரிவர்ஸில் வண்டி நீங்கள் நினைப்பதை விடச் சீக்கிரம் உள்ளே மடியும், அதற்கும் கை பழக வேண்டும்.

பின் டயரில் பனிச் சங்கிலியோ, கம்பெனி சொல்லாத அகலமான டயரோ மாட்ட வேண்டாம். திரும்பும் பின்வீலுக்கு மட்கார்டு வளைவுக்குள் இடம் அளவாகத்தான் இருக்கும்.

படி 7: அலைன்மென்ட், பராமரிப்பு

இது என் தொழில் என்பதால் கண்டிப்பாகவே சொல்கிறேன்: முன்வீலை மட்டும் பார்த்து அனுப்பும் கடையில் இந்த வண்டியை விடாதீர்கள். பின்வீல்கள் இரண்டும் அரை டிகிரி ஒரு பக்கம் திரும்பியிருந்தாலே 3 மீட்டர் வீல்பேஸில் வால் இரண்டரை செ.மீ. விலகி, வண்டி நாய் ஓடுவது போலக் கோணலாக ஓடும். டிரைவர் அதைச் சரிக்கட்ட ஸ்டீயரிங்கைச் சாய்த்தே பிடித்திருப்பார்.

சரியான வரிசை இப்படி. வண்டியின் கம்ப்யூட்டரோடு பேசும் ஸ்கேன் டூலை மாட்டி, பேட்டரிக்கு சப்போர்ட் சார்ஜர் கொடுத்து, பின் ஸ்டீயரிங்கை நடுநிலைக்குக் கொண்டுவந்து அங்கேயே நிறுத்த வேண்டும். இதைச் செய்யாமல் காஸ்டர், அதாவது முன்வீல் திரும்பும் அச்சு முன்பின்னாகச் சாய்ந்திருக்கும் அளவு, பார்க்க முன்வீலை இடமும் வலமும் திருப்பினால் பின்வீலும் கூடவே திரும்பி எல்லா அளவும் பொய்யாகும். அடுத்து பின்வீல்களின் கேம்பர் (வீலின் தலை உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருக்கும் அளவு), பிறகு டோ (மேலிருந்து பார்த்தால் வீலின் முன்விளிம்பு உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு). பின்பக்கம் நேரானதும்தான் முன்பக்கம். கடைசியில் ஸ்டீயரிங் ஆங்கிள் சென்சாருக்கும் பின் மோட்டாருக்கும் புது நடுநிலையைக் கற்றுக்கொடுக்க வேண்டும். கடைக்காரரிடம் ஸ்கேன் டூல் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால் மரியாதையாக நன்றி சொல்லி வண்டியை எடுத்துவிடுங்கள்.

நம் கடற்கரைப் பக்கத்துக்கு இன்னொன்றும் சேர்க்க வேண்டும். பின் மோட்டாரும் அதன் கனெக்டரும் வண்டியின் அடியில், ஆக்ஸிலை ஒட்டித் தாழ்வாக இருக்கும். உப்புக் காற்று ஒரு பக்கம், மழைத் தண்ணீர் இன்னொரு பக்கம். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது வீல் மூழ்கத் தண்ணீரில் நின்ற கார்கள் எத்தனையோ. அப்படி நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து ஸ்டீயரிங்கை ஒடித்துப் பார்க்காதீர்கள். தூக்கி, கனெக்டரைக் கழற்றிக் காயவைத்து, தண்டின் இரு முனையிலும் இருக்கும் ரப்பர் பூட் என்ற உறை கிழிந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். பூட்டுக்குள் ஒரு முறை மணல் புகுந்தால் மரைத் தண்டு தேயத் தொடங்கிவிடும். மொத்தமாக மாற்றும் செலவில் ஒரு பழைய ஹேட்ச்பேக்கே வாங்கலாம்.

வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் கருத்து இது. வீல்பேஸ் 2.6 மீட்டருக்குள் இருக்கும் காருக்கு நம் தெருக்களில் இது தேவையே இல்லை. 3 மீட்டரை நெருங்கும் காரில் ஆப்ஷனாகக் கொடுத்தால், பனோரமிக் கூரையை விட்டுவிட்டு இதை எடுங்கள். பழைய கார் வாங்கும்போது ஒருவரை வெளியே நிற்கவைத்து, வண்டியை நடை வேகத்தில் நகர்த்தியபடி இரண்டு பக்கமும் முழுதாக ஒடித்துப் பாருங்கள். பின்வீல் இரண்டு பக்கமும் ஒரே அளவு திரும்ப வேண்டும், கிறீச்சென்றோ டொக்கென்றோ சத்தம் வரக் கூடாது. ஸ்டீயரிங்கை நேராக்கினால் பின்வீலும் நேராக வந்து நிற்க வேண்டும்.

அந்தத் தம்பியின் வண்டியில் அளவுகள் எல்லாம் சரியாகவே இருந்தன. பில் போட ஒன்றுமில்லை. பம்பரைத் துடைத்துக் கொடுத்து, எங்கள் கடைச் சுவரை ஒட்டியே வண்டியை நிறுத்தச் சொல்லி, அங்கிருந்து எடுக்கச் சொன்னேன். பாதி ஒடித்தார், ஒரு முழம் முன்னால் நகர்ந்தார், கண்ணாடியில் வாலைப் பார்த்தார், பிறகு மீதியை ஒடித்தார். சுவருக்கும் பம்பருக்கும் நடுவே என் உள்ளங்கை நுழைய இடம் இருந்தது.